மும்பையா, பெங்களூருவா, சென்னையா: இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போவது?

அக்டோபர் பிறந்துவிட்டால் எம்பிஏ முதலாண்டு விடுதியில் யாருக்கும் தூக்கம் இருக்காது. சம்மர் பிளேஸ்மென்ட் நேரம், அதாவது கோடை இன்டர்ன்ஷிப்புக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்கும் நேரம். போன வாரம் ஜூனியர் ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, மூணு ஷார்ட்லிஸ்ட் வந்திருக்கு. மும்பைல ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்க், பெங்களூர்ல வெளிநாட்டு பேங்கோட சென்டர், சென்னைல டீல் அட்வைசரி. மூணுக்கும் ஒரே நாள்ல இன்டர்வியூ. எதை முதல்ல போடட்டும்?"

முன்னுரிமை வரிசையை மறுநாள் காலைக்குள் அவள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அன்றிரவு அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நான் போனது மும்பைக்கு. ஏப்ரல், மே இரண்டு மாதம், உள்நாட்டு முதலீட்டு வங்கி ஒன்றின் ஐபிஓ குழுவில் இருந்தேன். கம்பெனிகளுக்குப் பணம் திரட்டிக் கொடுப்பதும், கம்பெனிகளை வாங்கி விற்கும் டீல்களை நடத்திக் கொடுப்பதும் இந்த வங்கிகளின் வேலை; ஒரு கம்பெனி முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதுதான் ஐபிஓ. என் அறைத்தோழி பெங்களூரு போனாள். வகுப்பு நண்பன் ஒருவன் சென்னையில் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தின் டீல் அட்வைசரி பிரிவில் சேர்ந்தான். ஜூனில் திரும்பி வந்ததும் மூவரும் நாள் கணக்கில் பேசினோம். அவர்கள் சொன்னதும் இதில் கலந்திருக்கிறது.

சம்பளம், வங்கியின் பெயர், பிபிஓ (இன்டர்ன்ஷிப் முடிந்ததும் அங்கேயே கொடுக்கும் நிரந்தர வேலை வாய்ப்பு) கிடைக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. நீங்கள் போடும் ஒரு எண் தப்பாக இருந்தால் அதை யார் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்தபின் ஏன் தப்பு என்று உட்கார்ந்து சொல்வாரா? எட்டு வாரத்தில் நீங்கள் எவ்வளவு கற்றுக்கொண்டு திரும்புவீர்கள் என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மூன்று ஊரிலும் இதற்கு மூன்று விதமான பதில்.

மும்பையிலிருந்து தொடங்குகிறேன். அலுவலகம் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில், எல்லோரும் பிகேசி என்பார்கள். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் தலைமையகமும் தேசியப் பங்குச் சந்தையும் நடந்து போகிற தூரம். குர்லாவில் பிஜி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் வந்தேன். முதல் வாரமே என்னிடம் கொடுத்த வேலை 'காம்ப்ஸ்' அட்டவணை. ஒரு உணவகச் சங்கிலி நிறுவனத்துக்கு என்ன மதிப்பு போடலாம் என்று சொல்ல, அதே தொழிலில் ஏற்கெனவே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் எண்களை வரிசையாக அடுக்க வேண்டும். கம்பெனியின் மொத்த மதிப்பை எபிட்டாவால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். அந்த மடங்கை நம் வாடிக்கையாளரின் எபிட்டாவோடு பெருக்க வேண்டும். பாடத்தில் பத்து முறை செய்ததுதான். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன்.

இரவு பதினொன்றரைக்கு என் வேலையைப் பார்க்கும் சீனியரான அசோசியேட் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "வாடகை எங்கே?"

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். 2019 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் தரநிலை நடைமுறையில் இருக்கிறது. நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த கடையின் வாடகை அதன்படி வாடகைச் செலவாகக் காட்டப்படாது. ஒரு பகுதி தேய்மானமாகவும் ஒரு பகுதி வட்டியாகவும் மாறிவிடும். இரண்டுமே எபிட்டாவைக் கணக்கிட்ட பிறகு கழிக்கப்படுபவை. இனி கொடுக்க வேண்டிய வாடகை குத்தகைக் கடன் என்று கடன் பக்கத்தில் ஏறும். ஆகவே கடையில் ஒரு இட்லிகூட அதிகமாக விற்காமலேயே எபிட்டா வீங்கிவிடும். பட்டியலிட்ட கம்பெனிகள் வெளியிடும் முடிவுகள் இப்படிப்பட்டவை. எங்கள் வாடிக்கையாளர் கொடுத்திருந்ததோ அவர்களுடைய உள்கணக்கு. அதில் வாடகை முழுதும் செலவாகக் கழிக்கப்பட்டிருந்தது. நான் இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன்.

அவர் எழுதிய கணக்கு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. கற்பனையான எண்கள்தான். ஒரு கம்பெனிக்கு எபிட்டா 100 கோடி, மறைந்துபோன வாடகை 45 கோடி, குத்தகைக் கடனைச் சேர்க்காத மதிப்பு 1,100 கோடி, குத்தகைக் கடன் 250 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,100ஐ 100ஆல் வகுத்தால் 11 மடங்கு. வாடகையைத் திரும்பக் கழித்து 55ஆல் வகுத்தால் 20 மடங்கு. குத்தகைக் கடனையும் மதிப்பில் சேர்த்து 1,350ஐ 100ஆல் வகுத்தால் 13.5 மடங்கு. கடைசி இரண்டும் தம்மளவில் முறையான கணக்குகள். முதலாவதுதான் ஒட்டாதது, எபிட்டாவில் வாடகையைக் கழிக்காமல் மதிப்பில் குத்தகைக் கடனையும் விட்டுவிடுகிறது. இப்போது வாடகை கழித்த எபிட்டா 20 கோடி வைத்திருக்கும் வாடிக்கையாளரைப் பாருங்கள். 11 மடங்கைப் போட்டால் 220 கோடி, 20 மடங்கைப் போட்டால் 400 கோடி. நான் கொடுத்த அட்டவணை அந்த முதலாளியின் இருபது வருட உழைப்பைக் கிட்டத்தட்டப் பாதி விலைக்குச் சொல்லியிருக்கும்.

கரூரில் என் அப்பா சின்னதாக ஒரு தறிக்கூடம் நடத்துகிறார். மாதம் பிறந்ததும் அவர் நோட்டில் விழும் முதல் பற்று குடோன் வாடகை. அதைக் கழிக்காத லாபத்தை அவர் லாபம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த நோட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு எக்செலில் அந்தக் கேள்வி எழவில்லையே என்று அன்று மனசு கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கம்பெனியின் எபிட்டாவைப் பார்த்தாலும் வாடகை உள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன். மும்பைக்குப் போனதில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பாத்தியம் இதுதான் என்பேன்.

இரண்டாவது வேலை டிஆர்எச்பி. ஐபிஓ வரும் கம்பெனி செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணம் அது. அதில் கம்பெனியைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும். இதை 'பேக்அப்' என்பார்கள், இன்டர்ன் தலையில்தான் விழும். 14 மாநிலங்களில் கடை இருக்கிறது என்று வரைவில் ஒரு வரி. மாநிலவாரியாக ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழை எடுத்து அடுக்கினேன், 13தான் வந்தது. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்கு போன் போட்டால், ஒரு மாநிலத்தில் இருந்த ஒரே கடையைப் பிப்ரவரியில் மூடிவிட்டார்களாம். வரி 13 என்று மாறியது. சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டோம் என்று செபிக்குச் சான்றிதழ் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது மெர்ச்சன்ட் பேங்கர், அதாவது ஐபிஓவை நடத்தும் எங்களைப் போன்ற வங்கி. தப்பு வந்தால் அந்தக் கையெழுத்தைத்தான் கேட்பார்கள்.

ஐபிஓவுக்கான தகுதிச் சோதனைத் தாளும் நான் போட்டதுதான். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இயக்க லாபம் குறைந்தது 15 கோடி, ஒவ்வொரு ஆண்டும் நற்பெயர் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளைக் கழித்த நிகரச் சொத்து 3 கோடி, நிகர மதிப்பு 1 கோடி. இப்படிச் சில நிபந்தனைகளைத் தாண்டினால் சிறு முதலீட்டாளர்களுக்குக் குறைந்தது 35 சதவீதம் ஒதுக்க வேண்டும். தாண்டாவிட்டாலும் ஐபிஓ வரலாம். ஆனால் 75 சதவீதமாவது நிறுவன முதலீட்டாளர்களுக்குப் போக வேண்டும், சிறு முதலீட்டாளருக்கு 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நஷ்டத்தில் ஓடும் புதிய தொழில்நுட்பக் கம்பெனிகளின் ஐபிஓவில் நமக்கு அவ்வளவு குறைவாக ஒதுக்கீடு வருவது ஏன் என்று பேப்பரில் படிக்கும்போது எனக்கு விளங்கியதில்லை. அந்தத் தாளை நிரப்பியபோது விளங்கியது.

சரி, மும்பையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே முறையாகச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இல்லை. எனக்கு அந்த அசோசியேட் அமைந்தது அதிர்ஷ்டம். அதே தளத்தில் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த பெண்ணின் குழுவில் அந்த இரண்டு மாதமும் டீல் எதுவும் ஓடவில்லை. வாடிக்கையாளரைப் பிடிக்கக் காட்டும் பிட்ச் புத்தகங்கள் மட்டும் செய்தாள். லோகோக்களை நேர்க்கோட்டில் வைப்பதும் அடிக்குறிப்பில் தேதி மாற்றுவதுமாகவே அவளுக்கு மே முடிந்தது. அவள் திறமையில் குறை ஒன்றும் இல்லை. சந்தை மந்தமாக இருந்தால், குழுவில் டீல் இல்லாவிட்டால், யார் போனாலும் அதே கதைதான். பிபிஓவும் அப்படித்தான். என் வேலை நன்றாக இருந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் அந்த ஆண்டு குழுவில் இடம் இல்லை. சின்னக் குழுக்களில் இது நடக்கும். தெரிந்துகொண்டு போங்கள்.

நேரக் கணக்கும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். வேலை முடிய சாதாரண நாளில் நடுராத்திரி ஆகும், தாக்கல் செய்யும் வாரத்தில் அதிகாலை இரண்டு மணி ஆகும். இந்தத் துறையின் பழைய நோய் இது. 2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு பெரிய வங்கியில் சம்மர் இன்டர்னாக இருந்த 21 வயது ஜெர்மானிய மாணவர் தங்கியிருந்த இடத்தில் இறந்து கிடந்தார். வலிப்பு வந்து இறந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அதற்கு முந்தைய நாள்களில் அவர் இரவுகளில் தொடர்ந்து வேலை பார்த்தார் என்ற செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2015ல் கோல்ட்மேன் சாக்ஸ் இன்டர்ன்கள் நடுராத்திரிக்கும் காலை ஏழுக்கும் இடையில் அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று விதி போட்டது. அப்படியும் ஒரு நாளைக்கு 17 மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2021ல் அதே வங்கியின் முதலாண்டு அனலிஸ்டுகள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த கணக்கில் வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம் வேலை என்று வந்தது. உங்களுக்குச் சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா என்று எது இருந்தாலும் முதல் நாளே குழுவில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். சொன்னால் மதிப்பு குறையும் என்று நினைத்து மறைக்க வேண்டாம். பெண் பிள்ளைகள் இரவு கேப் எத்தனை மணியிலிருந்து, வீட்டு வாசல் வரைக்குமா என்று சேருவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் வாரம் கேட்கத் தயங்கி, இரண்டு இரவு காலி சாலையில் ஆட்டோவுக்கு நின்றேன். அப்புறம் கேட்டேன், அன்றே ஏற்பாடு செய்தார்கள்.

பெங்களூருவுக்கு வருகிறேன். வெளிநாட்டு வங்கிகளின் லண்டன், நியூயார்க் குழுக்களுக்குப் பின்னாலிருந்து வேலை செய்து கொடுக்கும் மையங்கள் இவை. அறைத்தோழிக்கு முதல் இரண்டு வாரம் வகுப்பு, கூடவே வழிகாட்ட ஒரு சீனியர், பாதியில் ஒரு மதிப்பீடு. எல்லாம் ஒழுங்காக நடந்தது. கம்பெனித் தகவல்களைத் தேடி எடுக்கும் கேப்பிடல் ஐக்யூ, பேக்ட்செட் இரண்டிலும் அவள் கை பறக்கிறது. இதில் என்னால் அவளுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. பிபிஓவும் வந்தது. இவ்வகை மையங்கள் நிறையப் பேரை எடுப்பதால் அந்த வாய்ப்பு அங்கே கூடுதல்.

அவளுக்கு இருந்த குறை ஒன்றுதான், ஆனால் அது நான் முதலில் சொன்ன கேள்வியைத் தொடுகிறது. கோடை மாதங்களில் லண்டனில் காலை ஒன்பது என்றால் நமக்குப் பகல் ஒன்றரை. நியூயார்க்கில் ஒன்பது என்றால் மாலை ஆறரை. திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்து விழும்: இந்த எண்ணை மாற்று, இந்தக் கம்பெனியை எடுத்துவிடு. மாற்றி அனுப்புவாள். ஏன் எடுக்கச் சொன்னார்கள் என்ற காரணம் லண்டனில் யாரோ ஒருவர் மேசையிலேயே தங்கிவிடும். கேட்க நினைத்தால் அங்கே அவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள், இங்கே இவளுக்குக் கடைசி கேப் நேரம் வந்துவிடும். எல்லா மையமும் இப்படி இல்லை. ஒரு துறைக்கென்றே ஒதுக்கி, கம்பெனியை மதிப்பிடும் முழு எக்செல் மாடலையும் இங்கேயே கட்டச் சொல்லும் குழுக்கள் உண்டு. பொதுப் பூலில் போட்டு வருகிற வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் குழுக்களும் உண்டு. பெயர்ப்பலகை ஒன்றுதான், உள்ளே கிடைக்கும் படிப்பு வேறு வேறு.

சென்னை நண்பனின் கதை எனக்கே எதிர்பாராதது. அவன் மெக்கானிக்கல் படித்தவன், டெபிட் கிரெடிட்டே எம்பிஏவில்தான் பார்த்தான். டீல் அட்வைசரி என்பதைச் சிலர் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கம்பெனியை வாங்கப் போகிறவருக்காக, அந்தக் கம்பெனி காட்டும் லாபம் நிஜமானதா, அடுத்த வருடமும் நிற்குமா என்று தோண்டிப் பார்க்கும் வேலை. அவனுக்கு ஒதுக்கியது வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. ஆயிரத்துச் சொச்சம் வரி கொண்ட ட்ரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் அடுக்கிய பட்டியல்) ஒன்றைக் கையில் கொடுத்து, மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மார்ச் கடைசி வாரத்தில் விற்பனை எகிறியிருந்தது. "தம்பி, ஏப்ரல் மாசக் கிரெடிட் நோட்டை எடுங்க" என்றாராம். சரக்கு திரும்பி வந்தால் வாங்கியவருக்குக் கொடுக்கும் சீட்டு அது. எடுத்தால், மார்ச்சில் விற்றதாகக் காட்டிய சரக்கில் ஒரு நல்ல பங்கு ஏப்ரலில் திரும்பி வந்திருக்கிறது. வருடக் கணக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று டீலர்களிடம் சரக்கைத் தள்ளியிருக்கிறார்கள். அந்த விற்பனையைக் கழித்ததும் லாபம் இறங்கியது, வாங்குகிறவர் விலையைத் திரும்பப் பேசினார்.

இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நான் மற்றவர்கள் வெளியிட்ட எண்களை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் எண் பிறக்கும் இடத்திலேயே நின்றிருக்கிறான். திருத்துகிற ஆளும் அடுத்த நாற்காலியில். அங்கே எல்லோரும் சார், மேடம்தான், மும்பையில் போல மேலதிகாரியான எம்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. ஆனால் அந்த சார்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இருந்தது. பெரும்பாலான நாள்களில் இரவு ஒன்பதரைக்கு வீடு.

அவன் இழந்ததும் உண்டு. விலை எப்படி நிர்ணயமாகிறது, முதலீட்டாளரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் வேறு அறையில் நடந்தது. அதைவிட முக்கியம், இறுதி பிளேஸ்மென்டில் மும்பை வங்கிகள் ரெஸ்யூமேயில் வங்கி அனுபவத்தைத் தேடுகின்றன. கணக்கைத் தோண்டிப் பார்க்கும் இந்த டியூ டிலிஜென்ஸ் வேலையிலிருந்து டீல் குழுவுக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த வழி சுற்று வழி.

பணத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எங்கள் மூவரில் பெங்களூரு போனவளுக்கு ஸ்டைபெண்ட் அதிகம், சென்னைக்காரனுக்குச் செலவு குறைவு, எனக்குக் குர்லா வாடகையும் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா சாப்பாடும் போகப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு மாதப் பணத்தை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். கல்விக் கடன் தவணை தலைக்கு மேல் நிற்கிறது, அடுத்த வருடம் வேலை உறுதியாக இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் அது வேறு. அப்போது பெங்களூருவை முதலில் போடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மற்றவர்களுக்கு என் கருத்து இது. பி.காம், சிஏ இன்டர் என்று கணக்கில் ஊறி வந்தவர்கள் மும்பைக்குப் போகலாம். அங்கே யாரும் சொல்லித்தராவிட்டாலும் உங்களுக்குக் கேள்வி எழும், கேட்டு வாங்கிக்கொள்வீர்கள். பொறியியல் படித்து, பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் இன்னும் தயங்குகிறவர்கள் சென்னையை முதலில் போடுங்கள். மும்பை என்ற பெயரை விடுவது கஷ்டமாகத்தான் இருக்கும். நானும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் நான் முதல் வாரத்தில் தடுக்கி விழுந்த இடத்தில் அந்தச் சென்னை நண்பன் விழுந்திருக்க மாட்டான் என்பதை இப்போது உணர்கிறேன்.

எந்த ஊரானாலும் கேம்பஸுக்கு வந்து பேசுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: போன ஆண்டு இன்டர்ன் எந்த டீலில் உட்கார்ந்தார், அது முடிந்ததா, குழுவில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு பிபிஓ கொடுத்தீர்கள், பெங்களூரு என்றால் பூலா, தனித் துறையா, என் வேலையை யார் பார்ப்பார், அவர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடத்தை ஒரு படி கீழே இறக்குங்கள்.

என் ஜூனியர் பி.காம் முடித்து சிஏ இன்டர் தேறியவள். மும்பை, சென்னை, பெங்களூரு என்ற வரிசையில் எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை மும்பை கிடைத்துவிட்டது. ஏப்ரலுக்குள் என்ன படிக்க என்று கேட்டாள். செபி இணையதளத்தில் எல்லா டிஆர்எச்பியும் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் விலைக்கான அடிப்படை என்று ஒரு அத்தியாயம் வரும், ஒத்த கம்பெனிகளின் அட்டவணை அங்கேதான் இருக்கும், அதிலிருந்து தொடங்கு என்றேன். நேற்று ஒரு உணவகக் கம்பெனியுடையதை இறக்கி வைத்திருந்தாள். இன்று மெஸ்ஸில் சாப்பாடு முடித்ததும் இருவரும் உட்கார்ந்து அந்த அட்டவணையில் வாடகையைத் தேடப் போகிறோம்.